தாங்காத தூண்கள்

நூல் ஒன்று வெளிவந்தால் திறனாய்வு எழுதுகிறோம். நாடகம் ஒன்று அரங்கேறினால் நிறை இது, குறை இது என்று நீட்டி முழக்குகிறோம். திரைப்படம் வந்துவிட்டாலோ, தேநீர்க் கடைதோறும் திறனாய்வாளர்கள் தோன்றிவிடுகிறார்கள்! ஆனால், பக்கத்துத் தெருவிலே ஒருவர் தம் வீட்டை இடித்துப் புதுக்கி, வண்ணம் தீட்டி, விளக்கு மாட்டி, விருந்துக்கு அழைக்கும்போது மட்டும் நம் திறனாய்வு எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்கிறது. "அருமை! அருமை!" என்கிறோம், கேசரியைச் சுவைக்கிறோம், தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

ஏன் இப்படி? வீடும் ஒரு படைப்புத்தானே! பிடிக்காத நூலை மூடி வைத்துவிடலாம். பிடிக்காத வீட்டை மூடி வைக்க இயலுமா? வாழ்நாளெல்லாம் அதற்குள்ளேதான் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், நோயுற்றால் படுக்க வேண்டும். இருபது ஆண்டுகள் அதன் கடனைக் கட்ட வேண்டும். ஆகவே, நூலுக்குச் செய்யும் திறனாய்வை வீட்டுக்கும் செய்து பார்ப்போம் என்று துணிந்தோம். கட்டடக் கலை நாம் கற்றதில்லை. வகுப்பறையிலே வரலாறு கற்பிக்கிறோம், அவ்வளவுதான். ஆயினும், வீட்டிலே வாழ்கிறோம் என்ற ஒரு தகுதி நமக்கும் உண்டல்லவா?

சென்ற திங்கள், நம்மோடு பணியாற்றும் மூத்த தமிழாசிரியர் ஒருவர் தம் இல்லத்தைப் புதுப்பித்து, தோழர்களையெல்லாம் விருந்துக்கு அழைத்திருந்தார். நல்லவர், நமக்குப் பல நூல்களைப் படிக்கக் கொடுத்தவர். வாயிலிலேயே எங்களை வரவேற்றுக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். கூடத்தின் நடுவிலே இரண்டு தூண்கள் நின்றன. கரும்பழுப்பு நிறம், அடியிலே கல் பீடம், தலையிலே தாமரை இதழ். "செட்டிநாட்டுப் பாணி!" என்றார், பெருமிதம் பொங்க.

தட்டிப் பார்த்தோம். 'டொக்கு' என்றது. உள்ளே வெறும் வெளி! அண்ணாந்து பார்த்தோம். தூணின் தலை, ஜிப்சம் பலகையாலான பொய்க்கூரைக்குள்ளே புதைந்திருந்தது. எந்த உத்தரத்தையும் அது தாங்கவில்லை. எந்தச் சுவரும் அதை நம்பி நிற்கவில்லை. அது சாய்ந்துவிடாமல் இருக்க, மேலே ஒரு கம்பி வைத்துக் கூரையோடு கட்டியிருப்பதாகப் பிறகு தெரிந்தது. கூரையைத் தூண் தாங்குவதுதான் உலக வழக்கு. இங்கோ தூணைக் கூரை தாங்குகிறது! என்னே விந்தை!

இது அந்த ஒருவர் இல்லத்துக் கதை மட்டுமன்று. கைபேசித் திரையைத் திறந்தால் 'ஹோம் டூர்' என்ற பெயரில் நாள்தோறும் வீடுகள் வலம் வருகின்றன. ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றவற்றைப் பார்த்ததாகிவிடும். அதே தூண், அதே ஊஞ்சல், அதே பித்தளை உருளியிலே மிதக்கும் அதே மலர்கள், மணிகள் தொங்கும் அதே பூசையறைக் கதவு, ஒளிந்திருந்து ஒளி வீசும் அதே மஞ்சள் விளக்குகள். சென்னையிலும் இதுதான், கோவையிலும் இதுதான், கும்பகோணத்துச் சந்திலும் இதுதான். வாழ்கிறவர் யார், அவர் தொழில் என்ன, வீட்டிலே முதியவர் உண்டா, குழந்தை உண்டா என்பவற்றிற்கெல்லாம் அந்த வீடுகளிலே விடையில்லை. வந்து பார்ப்பவர் என்ன நினைப்பார் என்ற ஒரே வினாவுக்குத்தான் விடை இருக்கிறது.

செட்டிநாட்டின் பெயரைச் சொல்லி விற்கிறார்களே, அந்தச் செட்டிநாட்டு வீடு எத்தகையது? சற்று வரலாற்றைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலே காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் எழுந்தவை அந்த மாளிகைகள். அங்கே தூண் பொய்யன்று. வளவைச் சுற்றி இறங்கும் ஓட்டுக்கூரையின் பளுவை அத்தனையும் தாங்கியது பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. முற்றமும் அலங்காரமன்று. கூரைமேல் பெய்த மழையைத் திரட்டிக் கீழே இறக்கியது. வெப்பத்தை மேலே அனுப்பியது. வீட்டுக்கு நடுவிலே வெளிச்சத்தைக் கொண்டுவந்தது. சுண்ணாம்பை அரைத்து, முட்டையின் வெண்கருவைச் சேர்த்து மெழுகிய சுவர், தொட்டால் சில்லென்றது. ஆத்தங்குடித் தரைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரிலே ஊறவைத்து, வெயிலிலே காயவைத்து எடுக்கிறார்கள். சூளை இல்லை, தீ இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மினுமினுப்பாகிறது. நடக்க நடக்க அது மெருகேறும். அந்தத் தொழிலாளியின் கைத்திறனுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் இன்று கடையிலே விற்பதோ, அந்தப் பூ வேலைப்பாட்டை ஒளிப்படம் எடுத்து எந்திரத்திலே அச்சடித்த பளிங்குத் தகடு! கல்லை வாங்குவதாக எண்ணிக் கல்லின் படத்தை வாங்கிவருகிறார்கள்.

அந்த மாளிகைகளுக்கு வேறொரு முகமும் உண்டு; அதை எந்த விளம்பரமும் சொல்லாது. தேக்கு வந்த அதே பர்மாவிலிருந்து வட்டியும் வந்தது. 1930-களிலே உலகப் பொருளாதாரம் சரிந்து நெல்லின் விலை வீழ்ந்தபோது, கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களிலே 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1938-இல் சுமார் 25 விழுக்காடு ஆயிற்று. 1942-இல் சப்பானியப் படை நுழைந்தது. 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. வருவாய் நின்றது, மாளிகைகள் வெறிச்சோடின. பங்காளிகள் பெருகப் பெருக, பராமரிக்க ஆளின்றிப் பல வீடுகளைப் பிரித்துத் தூண் வேறு, நிலை வேறு, கதவு வேறு என்று விற்றார்கள். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளிலே இன்றும் அவை அடுக்கிக் கிடக்கின்றன. எஞ்சிய ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலிலே சேர்த்தார்கள்.

நாம் கேட்கிறோம்: இந்த ஏற்றமும் இறக்கமும், அந்த உழவனின் கண்ணீரும் இந்தத் தச்சனின் வியர்வையும் எதுவுமே தெரியாமல், தூணின் தோலை மட்டும் உரித்துக் கூடத்திலே நிறுத்துவது மரபைப் போற்றுவதா? திண்ணையையும் இப்போது மீண்டும் கட்டுகிறார்கள். "வழிப்போக்கருக்கு நிழல் தந்த திண்ணை" என்று உருகுகிறார்கள். எந்த வழிப்போக்கர் அதில் அமரலாம், எவர் தெருவுக்குள்ளேயே வரலாகாது என்று வகுத்திருந்ததையும் சேர்த்தல்லவா நினைவுகூர வேண்டும்! இப்போதைய திண்ணைக்கோ அந்தத் தொல்லையே இல்லை. முன்னே எட்டடி உயர இரும்புக் கதவு, அதன்மேல் படக்கருவி. அமர வருவார் ஒருவருமில்லை.

கூடத்தின் பொய்க்கூரையைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. பத்தடி உயர அறையிலே முக்கால் அடியைக் குறைத்து, மின்விசிறியைத் தலைக்கருகே இறக்கி, வெக்கை தாளாமல் குளிர்சாதனம் வாங்கி, அதன் மின்கட்டணத்தைக் கண்டு பெருமூச்சு விடுவது ஒருவகை இன்பம் போலும்! மனிதர் வாழும் அறை 2.75 மீட்டருக்குக் குறையலாகாது என்கிறது தேசியக் கட்டட நெறிமுறை. வெப்பநாட்டுக்கு உயரம் வேண்டும் என்று அறிந்தவர்கள் எழுதியது அது.

ஆனால், அந்தக் கூடத்திலே நம் நெஞ்சை உறுத்தியது தூணுமன்று, கூரையுமன்று. எதிர்ச் சுவர் முழுவதையும் மரப்பலகையால் மூடி, நடுவிலே தொலைக்காட்சியைப் பதித்திருந்தார்கள். இருபுறமும் விளக்கிட்ட மாடங்கள். ஒன்றிலே வெண்கல யானை. ஒன்றிலே நெகிழிச் செடி. ஒன்றிலே வெற்றுக் குடுவை. "ஐயா, தங்கள் நூல்கள் எங்கே?" என்றோம். அவர் ஒரு கணம் தயங்கினார். "மாடத்திலே வைத்தால் நிறம் நிறமாய்த் தெரிகிறது, சுவரோடு ஒட்டவில்லை என்று வடிவமைப்பாளர் சொல்லிவிட்டார். பரண்மேல் இருக்கின்றன" என்றார். முப்பது ஆண்டுக்காலம் ஊதியத்திலே மிச்சம் பிடித்து வாங்கிய நூல்கள், மூன்று சாக்கு மூட்டைகளாய்ப் பரணிலே! நாம் இரவல் வாங்கிப் படித்த நூல்களும் அவற்றுள்ளே இருக்கின்றன. வெண்கல யானைக்கு விளக்கு; அவற்றுக்கு இருட்டு. அவர் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு ஒன்றும் கேட்க மனம் வரவில்லை. விருந்து முடிந்து புறப்படும்போதுதான் தனியே கூறினோம், "உண்மைதான்" என்றார். அவர் இதையும் படிப்பார்.

இங்கே ஒரு தவறான எண்ணம் எழலாகாது. 'ஏழை எளியவன் இப்போதுதான் தலைநிமிர்ந்து ஒரு வீட்டை அழகாகக் கட்டுகிறான். அதைக் கண்டு பொறுக்கவில்லையா?' என்று எவரேனும் கேட்டால், அவருக்கு முன்னே நாம் அவர் பக்கம் நிற்போம். மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் ஏனத்தை வைத்து இரவெல்லாம் விழித்திருந்த குடும்பம், வழவழப்பான தரையும் பளிச்சென்ற சுவரும் கேட்பதிலே குற்றமென்ன? எளிமை பற்றிய உபதேசம் எப்போதும் மாடியிலிருந்து குடிசைக்குத்தான் வருகிறது. குடிசையிலிருந்து மாடிக்குப் போனதாக நாம் படித்ததில்லை. எழிலை விரும்புவது மானிட இயல்பு. நம் வழக்கு எழிலோடு அன்று. வீட்டின் முகப்பிலே செலவழியும் பணம், அதன் முதுகிலே யாரை விட்டுவிடுகிறது என்பதோடுதான்.

அந்த ஆசிரியர் இல்லத்தின் சமையலறையை அடுத்துக் காட்டினார். மாடுலர் கிச்சன்! முத்தைப்போல் வெள்ளைக் கதவுகள். தொட்டால் ஓசையின்றி மூடிக்கொள்ளும் இழுப்பறைகள். கறையே காணாத குவார்ட்ஸ் கல் மேடை. அடுப்பிலே ஒரு பொட்டுக் கரி இல்லை. இவ்வளவு தூய்மையாய் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று வியந்தோம். பின்புறம் கை கழுவச் சென்றபோது விடை கிடைத்தது. கொல்லையிலே தகரம் வேய்ந்த சாய்ப்பு. அதற்குள்ளே இன்னோர் அடுப்பு. அதன்முன்னே அந்த அம்மையார், வியர்வை வழிய, எங்களுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்! "உள்ளே தாளித்தால் கதவெல்லாம் எண்ணெய் படியும், அதான்" என்றார் சிரித்துக்கொண்டே. பல இலட்ச ரூபாய் செலவிலே சமையலறை கட்டியாகிவிட்டது. சமைப்பவர் மட்டும் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார்.

இந்த 'மாடுலர்' சமையலறைக்கும் ஒரு தாய்வீடு உண்டு. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின்னே, செர்மனியிலே வீட்டுப் பஞ்சம். பிராங்க்பர்ட் நகராட்சி உழைக்கும் மக்களுக்காக ஆயிரக்கணக்கிலே வீடுகள் கட்டியது. அவற்றுக்குச் சமையலறை வகுக்கும் பொறுப்பு, வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே சூட்டே-லிகோட்ஸ்கி என்ற இளம் பெண் கட்டடக் கலைஞரிடம் வந்தது. ஆண்டு 1926. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவே இடம். அவர் வண்ணத்தைப் பற்றி முதலில் எண்ணவில்லை. பெண்ணின் காலடிகளை எண்ணினார்! அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி, தொட்டியிலிருந்து அலமாரிக்கு எத்தனை அடி, எங்கே குனிகிறாள், எங்கே எட்டுகிறாள் என்று கணக்கிட்டார். புகைவண்டி உணவுப் பெட்டியிலே சிறிய இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை முன்மாதிரியாகக் கொண்டார். காய் அரியும் மேடையைச் சன்னலுக்கு நேரே வைத்தார். அமர்ந்து வேலை செய்யச் சுழலும் இருக்கை தந்தார். உலர்ந்த சமையல் பொருள்களுக்குக் கைப்பிடி வைத்த அலுமினியப் பெட்டிகள் தந்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளிலே அந்தச் சமையலறை அமைந்தது. அதை வகுத்த அம்மையாரோ, நாசி ஆட்சியை எதிர்த்ததற்காக 1941-இல் சிறை புகுந்து, 1945-இல்தான் விடுதலை பெற்றார்.

குறையே இல்லாத படைப்பென்று நாம் கூறவில்லை. ஒருவர் மட்டும் நிற்கும் இடமாக அதை வகுத்ததனால், பெண் தனித்துப்போனாள், ஆண் உள்ளே வந்து கைகொடுக்க வழியில்லாமற்போயிற்று என்று பின்னாளிலே பெண்ணுரிமையாளர் கண்டித்தார்கள். நேர்மையான கண்டனம். ஆயினும், பெண்ணின் உழைப்பைக் குறைப்பதற்காகப் பிறந்தது அந்த அமைப்பு. நம்மிடம் வந்து சேர்ந்தபோது என்ன ஆயிற்று? காலடிக் கணக்கு வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது; கதவின் பளபளப்பு மட்டும் கரை சேர்ந்திருக்கிறது. இந்தியாவிலே 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளிலே அதற்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம்; ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். ஐந்து மணி நேரம் ஓர் அறையிலே நிற்பவரைக் கேட்காமல், ஐந்து நிமிடம் எட்டிப் பார்க்க வருபவருக்காக அந்த அறையை வகுக்கிறோமே, இது முறையா?

அந்த வெள்ளைக் கல் மேடையைப் பற்றியும் ஒரு சொல். குவார்ட்ஸ் கல் என்று விற்பது மலையிலே வெட்டிய கல்லன்று. படிகக்கல்லைத் தூளாக்கிப் பிசினால் இறுக்கிச் செய்வது. அதிலே சிலிக்கா 90 விழுக்காட்டுக்கும் மேல். கிரானைட்டைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு. அதை நீர் விடாமல் அறுத்தால் எழும் நுண்தூசி நுரையீரலிலே படிந்து, 'சிலிக்கோசிஸ்' என்னும் தீராநோயைத் தருகிறது. இளைஞர்களான கல் அறுப்போர் பலர் இந்நோய்க்கு ஆளானதைக் கண்ட ஆத்திரேலிய நாடு, 2024 சூலை 1 முதல் அந்தக் கல்லைச் செய்வதையும் விற்பதையும் பதிப்பதையும் தடை செய்துவிட்டது. இங்கே? ஆசிரியர் இல்லத்து வேலை நடந்தபோது அவ்வழியே பள்ளிக்குச் சென்றிருக்கிறோம். வாசலிலே ஓர் இளைஞன் எந்திரம் பிடித்துக் கல்லை அறுத்துக்கொண்டிருந்தான். மூக்கிலே ஒரு கைக்குட்டை. புருவமும் தலைமுடியும் மாவிலே குளித்தாற்போல் வெளுத்திருந்தன. பத்தொன்பது அகவைக்கு மேல் இராது. தோட்டத்துக் குழாயிலிருந்து ஒரு நீர்க்குழலை இழுத்து, அறுக்கும் இடத்திலே நீர் விழச் செய்திருந்தால் தூசி பெரிதும் அடங்கியிருக்கும். வீட்டுக்காரரும் கேட்கவில்லை, ஒப்பந்தக்காரரும் கொடுக்கவில்லை, அவ்வழியே சென்ற நாமும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோமேயன்றி ஒன்றும் கேட்கவில்லை. இதை எழுதும்போது நமக்கே வெட்கமாக இருக்கிறது.

இனி, வாஸ்து. தூணைக்கூட 'எங்கள் விருப்பம்' என்று கூறிவிடலாம். இதை எவருடைய விருப்பம் என்பது? அடுக்குமாடி விற்பவர் விளம்பரத்திலே 'வாஸ்துப்படி அமைந்தது' என்று பொன்னெழுத்திலே பொறிக்கிறார். வீடு புதுப்பிப்பவர், கொத்தனாரை அழைக்கும் முன்னே கையில் திசைகாட்டியோடு வருபவரை அழைக்கிறார். நன்றாக இருக்கும் படிக்கட்டை இடிக்கச் சொல்கிறார் அவர், இடிக்கிறார்கள். கழிவறையை மூலை மாற்றச் சொல்கிறார், மாற்றுகிறார்கள். 'காற்றும் வெயிலும் அறிந்து முன்னோர் வகுத்த அறிவியல்' என்கிறார்கள் சிலர். அறிவியலாயின் ஊருக்கு ஊர் மாற வேண்டுமே! காற்றடிக்கும் திசையும் வெயில் சாயும் கோணமும் காசுமீரத்திலும் கன்னியாகுமரியிலும் ஒன்றா? ஆறாம் நூற்றாண்டிலே வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையைப் புரட்டிப் பார்க்கட்டும். எந்த வருணத்தார்க்கு எந்த நிற மண் உகந்தது என்று அங்கே வகுத்திருக்கிறது: வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கருப்பு. வருணம் இறங்க இறங்க வீட்டின் அளவும் இறங்குகிறது! எந்த அறிவியலிலே மண்ணுக்குச் சாதி தெரியும்? திசைகாட்டியோடு வருபவர் இந்தப் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு மீதியை விற்கிறார். நம்மவர், மண்ணின் நிறத்தாலே தம் பாட்டனாரை ஒதுக்கிய அதே சாத்திரத்தைப் பணம் கொடுத்து வீட்டுக்குள்ளே அழைத்துவருகிறார்.

பிறர் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டைப் பற்றியும் கூறுவதுதான் நேர்மை.

நம் வீடு வடக்குப் பார்த்தது. அடுப்பங்கரை தென்கிழக்கு மூலையிலே. கிழக்கே அண்டை வீட்டுச் சுவர். தெற்கே ஒரு சன்னல் இருந்தது. அதற்கு அப்பால் முருங்கை மரம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னே தந்தையாருக்கு உடல்நலம் குன்றியபோது, உறவினர் ஒருவர் அழைத்து வந்த வாஸ்துக்காரர் அந்தச் சன்னலைக் காட்டி, "தெற்கு எமன் திசை, அதைத் திறந்து வைத்திருக்கிறீர்களே" என்றார். அடுத்த கிழமையே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். தந்தையார் நலம் பெற்றது அரசு மருத்துவமனையின் மருந்தினால். பெயர் பெற்றது செங்கல்! தென்றலுக்குத் 'தென்றல்' என்று பெயர் வந்ததே அது தெற்கிலிருந்து வருவதனால்தான். அதைப் பாடாத தமிழ்ப் புலவர் உண்டா? அந்தத் தென்றலை நாம் வகுப்பிலே பாராட்டுகிறோம். வீட்டிலே எமன் என்று கூறிச் சுவர் எழுப்புகிறோம். பன்னிரண்டு ஆண்டுகளாக அன்னையார் பகலிலும் விளக்கெரித்துச் சமைக்கிறார். கோடையிலே இரண்டு முறை மயங்கி விழுந்ததுண்டு.

தந்தையார் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். சேமநிதிப் பணம் வந்தது. போதாததற்கு நம் பெயரிலே வங்கிக் கடன். வீட்டைப் புதுப்பிப்பதென்று முடிவாயிற்று. மாடுலர் சமையலறைக்கு அளவெடுக்க ஓர் இளைஞர் வந்தார். சுவரை அளந்தார், கதவை அளந்தார், குழாயை அளந்தார். அன்னையாரை அளக்கவில்லை. வரைபடத்திலே மேடையின் உயரம் 36 அங்குலம். அன்னையார் நான்கடி பத்து அங்குலம். அந்த மேடை ஏறத்தாழ அவர் முழங்கை உயரத்துக்கு வரும். தோளைத் தூக்கிக்கொண்டுதான் காய் அரிய வேண்டும். "இதுதான் இப்போது எல்லார் வீட்டிலும்" என்றார் அளவெடுத்தவர்.

"உங்களுக்கு என்னம்மா வேண்டும்?" என்று அன்றிரவு கேட்டோம். இந்த வினாவை நாமும் அதற்குமுன் கேட்டதில்லை. வெகுநேரம் ஒன்றும் வேண்டாம் என்றே சொன்னார். பிறகு, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்தச் சன்னலைத் திறந்துவிடச் சொல்லு தம்பி. முடிஞ்சா உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி" என்றார். பிராங்க்பர்ட்டைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. அந்தச் செர்மன் சமையலறையின் இரண்டு உறுப்புகளை, சன்னலையும் இருக்கையையும், அடுப்படியிலே நின்றே கண்டுபிடித்திருந்தார்!

கொத்தனாரிடம் கொடுப்பதற்காகத் தந்தையார் எழுதிய வேலைப் பட்டியல் மேசைமேல் இருந்தது. மூன்றாம் வரியிலே, 'முன்கூடம், தூண் 2' என்று கண்டிருந்தது. எதிரே தொகையும் எழுதியிருந்தார். அந்தத் தொகையிலே ஒரு சன்னலைத் திறந்து, கம்பி போட்டு, புகைபோக்கும் விசிறியும் மாட்டி, மேடையை 32 அங்குலத்துக்கு இறக்கிக் கட்டலாம்; கொத்தனாரையே கேட்டுக் கணக்குப் பார்த்தோம். பென்சிலால் தூண்களை அடித்துவிட்டு, அதன்மேலே 'அடுப்பங்கரை, தெற்குச் சன்னல்' என்று எழுதினோம். தந்தையார் காலையிலே பட்டியலை எடுத்துப் பார்த்தார். நம்மைப் பார்த்தார். நாளிதழை விரித்துக்கொண்டார். சினம் என்றும் தெரியவில்லை, இசைவு என்றும் தெரியவில்லை. ஆனால், பென்சில் எழுத்தை இன்னும் அழிக்கவில்லை. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.